பூஜையிலிருந்து எழுந்திருக்காத லேப்டாப்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எந்தச் சாமானும் தப்பிக்க முடியாது. டிராக்டர், மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், தையல் மிஷின், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம், பூ. அந்த வருஷம் என் லேப்டாப்பும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. அதைக் குளிப்பாட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

உட்கார வைத்தவர் என் மாமியார். நான் பொரி வாங்க நல்லம்பள்ளிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், அலமாரியில் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து, மூடியின் மேல் பட்டையாகத் திருநீறு பூசி, செவ்வந்திப் பூ வைத்து, மண்வெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் வைத்துவிட்டார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் எங்கள் பக்கம் பூஜையில் வைத்ததை மறுநாள் மறு பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் மண்வெட்டியைத் தொட்டு ஒரு பிடி மண் அள்ளக்கூட மாட்டார்கள்.

"அத்த, எனக்கு நாளைக்கு இன்டர்வியூ இருக்குது. இன்னிக்கி சாயங்காலம் ஒருவாட்டி எல்லாத்தையும் பாத்து வெக்கணும்."

"நாளைக்குத்தான? காலையில வெள்ளனமே சூடம் காட்டிட்டுத் தரேன். சாமிகிட்ட இருக்கறத எடுக்கக் கூடாது."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

அந்த இன்டர்வியூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் மெடிக்கல் கோடிங் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்னென்ன செய்தார்கள் என்று டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புரிகிற குறியீடுகளாக மாற்றும் வேலை. எனக்கு அது பிடித்த வேலை, நன்றாகவும் செய்தேன். மகள் பிறந்தபோது கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி அந்த வேலையை விட்டேன். அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருஷமாக நீண்டுவிட்டது. மறுபடி தேட ஆரம்பித்தபோது, அந்த எட்டு வருஷத்தைப் பார்த்ததும் கம்பெனிகள் பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டன. சென்னையில் ஒரு கம்பெனி மட்டும் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் லேப்டாப்பில் ஒரு பரீட்சை, பிறகு கேமரா முன்னால் பேச்சு. செல்போனில் வந்தால் ஏற்க மாட்டோம் என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள். நாள் விஜயதசமி, காலை பதினொரு மணி. வேலை அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு, அமெரிக்காக்காரனுக்கு ஏது விஜயதசமி. இதையும் விட்டால் இனிமேல் யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "பாரு, கெடச்சா நல்லதுதான்" என்றார். மாமியார் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நாத்தனாரைப் பெண் பார்க்க முதலில் வந்த மாப்பிள்ளையை அப்படித்தான் பேசாமலே திருப்பி அனுப்பினார். அதனால் லேப்டாப்பைத் தூக்கிப் பூஜையில் வைத்ததையும் நான் அந்தக் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

காலையில் மறு பூஜை வெள்ளனமே நடக்கவில்லை. பால்காரர் வந்தார், மாடு உதைத்தது, பூசணிக்காய் வாங்கி வைத்தது சின்னதாக இருக்கிறதென்று வேறு ஒன்று வாங்க ஆள் போனார். நான் குளித்துப் புடவை கட்டி, தலை வாரி, பூஜை அறை வாசலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சூடம் காட்டி முடித்து லேப்டாப் கைக்கு வந்தபோது ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. திருநீற்றைத் துடைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளேயும் விடவில்லை. பவர் பட்டன் மேல் நெற்றிக்கு வைக்கிற மாதிரி நல்ல வட்டமாகச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரையில் கம்பெனிப் பெயர் வந்தது, அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. சரி என்று மூச்சு விட்டேன். பட்டென்று அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். விளக்கு, விசிறி, பெயர், புள்ளி, இருட்டு. சார்ஜரைச் சொருகி அழுத்தினேன். அதே கதை. சார்ஜரைப் பிடுங்கி, வேறு பிளக்கில் சொருகி, கரண்டு வருகிறதா என்று அதே பிளக்கில் செல்போனைப் போட்டுப் பார்த்து, மறுபடி அழுத்தினேன். பெயர் வந்தது, புள்ளி வந்தது, போய்விட்டது. அதற்கு உயிரே இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இதோ வந்துவிட்டேன் என்று முகத்தைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறதே, அதுதான் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லா மிஷினும் டிராக்டரின் தம்பிதான்.

"ஸ்டார்ட் ஆவுது, நிக்க மாட்டேங்குது. அப்படித்தான?"

"ஆமாங்க."

"அப்ப டீசல்ல காத்து புடிச்சா இப்படித்தான் பண்ணும். இதுல அதுக்குப் பதிலா என்னா இருக்குது? பேட்டரியா? அதக் கழட்டி மாட்டு."

"இதுல கழட்ட முடியாதுங்க. உள்ளயே வெச்சு மூடியிருக்காங்க."

"கழட்ட முடியாத பேட்டரிய எவன் செய்வான்?" என்று நான்தான் அதைச் செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. நான் பிடுங்கிக்கொண்டேன்.

லேப்டாப் வாங்கிய கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று ஒரு மிஷின் பேசியது. நானும் அழுத்திக்கொண்டே போனேன். காத்திருக்கும்போது ஒரு புல்லாங்குழல் வாசித்தார்கள். அந்தப் புல்லாங்குழலை வாசித்தவர் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு பையன் வந்தான். "சார், ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" என்றான். நான் சார் இல்லை என்றும், ரீஸ்டார்ட் ஆவதற்கு அது முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்றான். சர்வீஸ் ஆள் வருவதற்கு இரண்டு மூன்று வேலை நாள் ஆகுமாம்.

தருமபுரியில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்காரருக்குப் போட்டேன். கடைக்குப் பூஜை போட்டு மூடிவிட்டு, குடும்பத்தோடு ஒகேனக்கல்லுக்குப் போகிற வழியில் பென்னாகரத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும், இட்லியை மென்றபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"போர்டு போயிருக்கும்க்கா. நாளான்னிக்கிக் கொண்டாங்க, பாக்கலாம்."

"பாக்காமயே எப்படிங்க போர்டுன்னு சொல்றீங்க?"

"பாத்தாலும் அதான்க்கா சொல்லுவேன்."

எதிர்வீட்டில் காலேஜ் படிக்கிற பெண்ணிடம் ஒரு லேப்டாப் உண்டு. ஓடினேன். அது சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகக் கட்டின் மேல், மஞ்சள் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு அம்மா நல்லவர். "எடுத்துக்க சாமி, எனக்கென்ன. ஆனா எங்க வூட்டுக்காரரு இன்னும் வரல, அவரு வந்துதான் சூடம் காட்டணும். மத்தியானம் வந்து வாங்கிக்கோ" என்றார். அடுத்த தெருவிலும் அதே கதை. அன்று காலை எங்கள் ஊரில் இருந்த அத்தனை லேப்டாப்பும் பொரிகடலைக்கு நடுவில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தன. பொம்மிடியில் நாத்தனார் வீட்டில் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் இன்டர்வியூ முடிந்து, அவர்கள் வேறு ஆளையே எடுத்திருப்பார்கள்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரே முறையில் கிளப்பி நசுக்கினார்கள். நாள் பூரா சேற்றில் கிடக்கிற டிராக்டர் ஒரே முறையில் கிளம்புகிறது. துணிக்குள் பொத்தி வைத்த இதற்குக் கொழுப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு வருஷமாக மறந்துபோன குறியீடுகளை, சோறு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்படியில் நின்று மறுபடி மனப்பாடம் செய்திருந்தேன். அந்த உழைப்பெல்லாம் ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் போய்விட்டதே என்று இருந்தது.

ஆத்திரத்தில் மறுபடி அழுத்தினேன். விளக்கு, விசிறி, பெயர், புள்ளி. அணைந்தது. இன்னொரு தடவை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அது கண்ட கண்ட இடத்தில் சாகவில்லை. புள்ளிகள் சுற்ற ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் அணைகிறது. பழுதான சாமான் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. போர்டு போயிருந்தால் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் என்று தடுமாற வேண்டாமா.

பெங்களூர் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் நாங்கள் செய்கிற வேலை ஒன்றுதான். பவர் பட்டனில் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்போம். கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். இப்போது அணைகிறதே, அதே மாதிரிதான். நான் விரலை எடுத்துவிட்டேன். அப்படியானால் எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பது யார்?

லேப்டாப்பை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். பட்டனைச் சுற்றி மெல்லிய வட்டமாக ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளம் முழுக்க மஞ்சளாக இருந்தது. மேலே இருந்ததைத்தான் நான் துடைத்திருக்கிறேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் முந்தின நாளே உள்ளே இறங்கி, ராத்திரி பூராவும் காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகிவிட்டிருந்தது. பட்டனை விரலால் தடவினேன். அமுங்கினது அமுங்கினபடியே கிடந்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் மெதுவாக மேலே வந்தது. போர்டுமில்லை, பேட்டரியுமில்லை, டீசலில் காற்றுமில்லை.

"அத்த" என்று கத்தினேன். கத்தினதை வெளியே டிராக்டர் பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

மாமியார் கையில் சுண்டல் கிண்ணத்தோடு வந்தார்.

"இந்த பட்டன்ல எதுக்கு அத்த சந்தனம் வெச்சீங்க?"

"வேற எங்க வெப்பாங்க? ஸ்டார்ட்டர் பொட்டிக்கு ஸ்விட்சுலதான வெக்கறோம்."

"அது மோட்டாரு."

"இதுவும் கரண்டுலதான ஓடுது. தெனம் நீ இதத்தான அமுத்தற. எங்க தொட்டு ஆரம்பிக்கறமோ அங்கதான் பொட்டு வெக்கணும்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம் அத்த" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்தை ஜன்னல் மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். வழக்கம்போல.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தில் ஊக்கின் முனையை விட்டு, சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன், பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், மறுபடி சுரண்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் குறைவு. இருந்ததையெல்லாம் அன்றைக்குச் செலவழித்தேன். ஒரு கட்டத்தில் டொக் என்று சின்னதாகச் சத்தம் கேட்டு, பட்டன் மேலே எழும்பி நின்றது.

அழுத்தினேன். விளக்கு, விசிறி, பெயர், புள்ளி. புள்ளி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. சாமி என்று கையெடுத்துக் கும்பிட்ட நேரத்தில் திரை நீலமாக மாறி, லேப்டாப் சரியாகத் தொடங்கவில்லை, பழுது பார்க்கப்படுகிறது என்று எழுத்து வந்தது. இத்தனை முறை அரைகுறையாக அணைந்ததில் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பழுது பார்த்து முடித்ததும், புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று இன்னொன்று. காலையிலிருந்து தானே அணைந்து அணைந்து என் உயிரை வாங்கியது, இப்போது எனக்கு அணைக்காதே என்று உபதேசம் செய்தது. மணி பதினொன்றைத் தாண்டியது. செல்போனில் ஒரு விரலால் மன்னிப்பு மெயில் அடித்தேன். பதில் வரவில்லை.

ஒருவழியாகத் திறந்து, பரீட்சைக்குள் நுழைந்தேன். முதல் கேள்வியைப் பார்த்தேன். முழங்கால் ஆபரேஷன். அந்தக் குறியீட்டை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே படித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. பரீட்சையை நல்லபடியாக முடித்தேன்.

பிறகு திரையில் ஒரு அம்மா வந்தார். என் வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். தாமதமாக வந்ததை முதலிலேயே குத்திக் காட்டினார். லேப்டாப் கோளாறு என்று மட்டும் சொன்னேன், சந்தனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இங்கிலீஷில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"டெஸ்ட் நல்லாவே பண்ணியிருக்கீங்க. ஆனா நேரா கேட்டுடறேன். வீட்லேர்ந்து வேலைன்னு சேர்றவங்க நிறைய பேர் ரெண்டு மாசத்துல விட்டுடறாங்க. விருந்தாளி வந்தாங்க, சமையல் ஆகலன்னு நடுவுல எழுந்து போறாங்க. எட்டு வருஷம் வீட்ல இருந்திருக்கீங்க. உங்க வீட்ல விடுவாங்களா?"

இந்த மாதிரிக் கேள்வி வரும் என்று தெரியும். ஆம்பளைகளிடம் இதைக் கேட்பார்களா என்று மனசுக்குள் ஒரு பக்கம் கொதித்தாலும், இங்கிலீஷில் ஒரு நல்ல பதிலைத் தயாராக வைத்திருந்தேன். முழுப் பொய். அதைத் தமிழில் எப்படி மாற்றுவது என்று ஒரு நொடி தடுமாறினேன். அந்த நொடியில் வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாரும் கூப்புட மாட்டோம்னு சொல்லு."

நிமிர்ந்து பார்த்தேன். அறை வாசலுக்குக் குறுக்கே, எனக்கு முதுகைக் காட்டியபடி மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. கூடத்தில் பொரி வாங்க வந்த சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரையும் அவர் உள்ளே விடவில்லை.

"சோறாக்கறது, மாடு பாக்கறது, புள்ளய இஸ்கூலுக்கு உடறது எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொல்லு. படிச்ச புள்ளய கொண்டாந்து இத்தினி வருசம் வெங்காயம் உரிக்க வெச்சிட்டோம். இனிமே வெக்க மாட்டோம்னு சொல்லு."

முகத்தைத் திருப்பாமலேதான் சொன்னார்.

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அங்கே கேட்டுவிட்டது. "யாருங்க அது?" என்றார் அந்த அம்மா. "என் மாமியாருங்க" என்றேன். இன்டர்வியூவில் அழுகிறவளை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று பயந்து, கீழே எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார். "திங்கக்கெழம காலையிலேர்ந்து கூப்புடக் கூடாது."